பெய்ஸ்லிக்காரர்கள் எதை மறக்கவில்லை? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளைப் பார்த்தால், இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த ஊருக்கே கொடுத்துவிடலாம் போலிருந்தது. சரி, கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மாங்காய் டிசைனுக்கு வெளிநாட்டில் ‘பெய்ஸ்லி’ என்றுதான் பெயர். அது அங்கேதான் பிறந்ததா? (புடவைக் கடை வைத்திருக்கும் ஒரு வாசகி)

பதில்: இல்லையம்மா. அந்த வளைந்த மாங்காய் பாரசீகத்திலும் காஷ்மீரிலும் பல நூறு ஆண்டுகளாக இருப்பது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் ஊர் திரும்பும்போது வீட்டுப் பெண்களுக்குக் காஷ்மீர் சால்வை வாங்கிக்கொண்டு போனார்கள். பார்த்தவர்கள் எல்லாம் ஆசைப்பட்டார்கள், ஆனால் அந்த விலை கொடுக்க எல்லோராலும் முடியுமா? அதைப் பார்த்து அதே மாதிரி தறியில் நெய்து மலிவாக விற்கலாம் என்று முதலில் எடின்பரோவிலும் இங்கிலாந்தின் நார்விச்சிலும் இறங்கினார்கள். 1805 வாக்கில்தான் பெய்ஸ்லி களத்துக்கு வந்தது. கடைசியாக வந்த ஊர்தான் பெயரைத் தட்டிக்கொண்டு போனது.

ஆனால் ஒன்று, ஏற்கெனவே மெல்லிய லினன், பட்டு, காஸ் என்னும் சல்லாத் துணி என்று நெய்து கை தேர்ந்த ஊர் அது. இன்றைக்கும் அங்கே தெருக்களின் பெயர் காஸ் ஸ்ட்ரீட், காட்டன் ஸ்ட்ரீட், சில்க் ஸ்ட்ரீட், ஷட்டில் ஸ்ட்ரீட் என்றுதான் இருக்கிறது. 1840-களின் தொடக்கத்தில் தொழில் படுத்து, ஊரில் சுமார் 15,000 பேர் நிவாரணத்தை நம்பி இருந்தபோது, விக்டோரியா மகாராணி 1842-இல் பெய்ஸ்லி சால்வைகளை வாங்கி அணிந்து வியாபாரத்துக்குக் கை கொடுத்தார். அப்புறம் கொஞ்ச காலம் நல்ல ஓட்டம். 1870-களில் பெண்களின் உடை மாறியது. குடை மாதிரி விரிந்த பாவாடை போய், பின்பக்கம் மட்டும் தூக்கி நிற்கும் கவுன் வந்தது; அதன்மேல் இவ்வளவு பெரிய சால்வையைப் போர்த்தினால் தைத்த அழகே மறைந்துவிடும். அத்தோடு சால்வைக் கதை முடிந்தது.

கேள்வி: அங்கே நெசவாளர்கள் டிரம் அடித்துக்கொண்டு ஊர்வலம் போகும் விழா ஒன்று உண்டாமே? (ஒரு கைத்தறி நெசவாளர்)

பதில்: உண்டு ஐயா, அதை உங்களுக்கு விளக்குவது சுலபம். சால்வையில் கலர் ஊடை (குறுக்கே ஓடும் நூல்) பாவின்மேல் (நெடுக்கே ஓடும் நூல்) மிதந்துகொண்டு போகும். அது அவிழாமல் பிடித்துக்கொள்ள நடுவில் மெல்லிசாக ஒரு கட்டு ஊடை ஓட்ட வேண்டும். அதை அந்த ஊரில் ‘ஸ்மா ஷாட்’ என்பார்கள். துணியை விரித்துப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது. அது இல்லாமல் போனால் மாங்காய் எல்லாம் நூல் நூலாகத் தொங்கும்.

கண்ணுக்குத் தெரியாத நூலுக்கு எதற்குக் கூலி என்றார்கள் முதலாளிகள். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுகிறவனுக்கு எல்லாம் ஒரே வேலைதானே, நேரமும் அதே நேரம்தானே! நூலை வேறு நெசவாளியே தன் காசில் வாங்க வேண்டியிருந்தது. பல வருடம் இழுத்த இந்தச் சண்டை 1856-இல் நெசவாளர் பக்கம் தீர்ந்தது, ஸ்மா ஷாட்டுக்கும் கூலி உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். அதைக் கொண்டாடத்தான் ஜூலை முதல் சனிக்கிழமை விடுமுறை. சார்ல்ஸ்டன் பகுதியின் பெரிய டிரம்மை அடித்துக்கொண்டு ஆட்களைத் திரட்டுவார்கள். முதலாளிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கார்க்’. அந்தக் கார்க்கின் கொடும்பாவியை இப்போதும் வருடா வருடம் கொளுத்துகிறார்கள். நடுவில் நின்றுபோயிருந்த விழாவை 1980-களில் மறுபடி தொடங்கினார்கள்.

மாங்காய் அந்த ஊருக்கு வெளியார் போட்ட அடையாளம். ஊர்க்காரர்களின் சொந்த நினைவு எது என்று என்னைக் கேட்டால், இந்தக் கூலிச் சண்டையைத்தான் சொல்வேன். டிசைன் நூல்களைத் தானே தூக்கிக் கொடுக்கும் ஜக்கார்டு கருவி வருவதற்கு முன்னால் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு இழுத்துக்கொடுத்த சின்னப் பையன்களும் அந்தச் சால்வைகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு விழா எதுவும் இல்லை.

கேள்வி: நத்தை விழுந்த சோடா வழக்கு அந்த ஊரில்தானே நடந்தது? உண்மையிலேயே நத்தை இருந்ததா? (ஒரு சட்டக் கல்லூரி மாணவர்)

பதில்: வழக்கு மேலே மேலே போனது எடின்பரோவுக்கும் லண்டனுக்கும், ஆனால் சம்பவம் பெய்ஸ்லியில்தான், தம்பி. 1928 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை. கிளாஸ்கோவைச் சேர்ந்த மே டோனஹியூ என்ற கடைச் சிப்பந்தி, தோழியோடு வெல்மெடோ கஃபேயில் உட்கார்ந்திருக்கிறார். தோழிதான் ஆர்டர் கொடுக்கிறார்: ஐஸ்கிரீம், அதன்மேல் ஊற்ற ஜிஞ்சர் பீர். பாட்டில் கறுப்புக் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்தாயிற்று, மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை மிதந்து வந்தது என்பது அவருடைய புகார். வயிறு கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சிக்கல் எங்கே என்றால், காசு கொடுத்தவர் தோழி. டோனஹியூவுக்கும் கடைக்காரருக்கும் ஒப்பந்தமே கிடையாது, பிறகு எந்த உரிமையில் வழக்குப் போடுவது? அதனால்தான் பானத்தைத் தயாரித்த பெய்ஸ்லி உற்பத்தியாளர் டேவிட் ஸ்டீவன்சன் மேல் நேரடியாகப் போட்டார்கள். அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போகக் கையில் பணமில்லை. உலகத்தில் தன் சொத்தெல்லாம் சேர்ந்தாலும் 5 பவுண்டு தேறாது என்று சத்தியம் செய்து, ஏழை வழக்காளியாகப் போனார். 1932 மே 26 அன்று 3-க்கு 2 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு. என் செயலால் யாருக்குப் பாதிப்பு வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டுமோ அவர்கள் எல்லோரும் என் அண்டை வீட்டார்தான் என்று நீதிபதிகளில் ஒருவரான ஆட்கின் பிரபு சொன்னது அங்கேதான். நீங்கள் பரீட்சைக்குப் படிக்கும் அலட்சியம் பற்றிய சட்டம் முழுவதும் அதன்மேல் எழுந்ததுதான்.

நத்தை இருந்ததா என்று கேட்டீர்களே, அதுதான் வேடிக்கை. எந்த நீதிமன்றமும் அதை விசாரிக்கவில்லை. ‘புகார் உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்போது வழக்கு நிற்குமா?’ என்ற கேள்விக்குத்தான் லண்டனில் தீர்ப்பு. சாட்சி விசாரணை நடப்பதற்குள் ஸ்டீவன்சன் இறந்துபோனார், 200 பவுண்டுக்குச் சமாதானம் ஆனது. கேட்டிருந்தது 500. நிரூபணம் ஆகாத ஒரு நத்தைக்கு அந்த ஊரில் இப்போது நினைவிடம் இருக்கிறது!

கேள்வி: சூனியக்காரிகளை எரித்த ஊர் என்று எங்கோ படித்தேன். நிஜமா?

பதில்: நிஜம்தான். 1696-இல் பக்கத்திலிருந்த பார்காரன் பண்ணை வீட்டுச் சிறுமி கிறிஸ்டியன் ஷா, வயது 11. வேலைக்காரப் பெண் திருட்டுத்தனமாகப் பால் குடித்ததைப் பார்த்து அம்மாவிடம் சொல்லப் போகிறாள், அந்தப் பெண் கோபத்தில் சாபம் கொடுக்கிறாள். சில நாளில் சிறுமிக்கு வலிப்பு. வாயிலிருந்து முடி உருண்டையும் ஊசியும் வருகிறது என்கிறார்கள். அவள் கை காட்டிய ஆட்கள் மேல் விசாரணை வந்து, ஏழு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, 1697 ஜூனில் கேலோ கிரீன் மைதானத்தில் தூக்கும் தீயும். மிச்சத்தை மேக்ஸ்வெல்டன் நாற்சந்தியில் புதைத்து அவர்கள் சாபம் வெளியே வராமலிருக்க மேலே குதிரை லாடம் ஒன்றைப் பதித்தார்கள். அந்த லாடம் 1960-களில் காணாமல் போக, அதன்பிறகு ஊரில் தொழில் நொடித்ததற்கெல்லாம் அதையே காரணம் சொல்கிறவர்கள் உண்டு. 2008-இல் அதே இடத்தில் புதிதாக ஒன்று பதித்தார்கள். இந்த முறை அதில் எழுதியது, நடந்தது அநியாயம் என்று.

பிற்பாடு நடந்ததுதான் என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. அந்தச் சிறுமி வளர்ந்து, ஹாலந்து முறையில் மெல்லிய லினன் நூல் முறுக்கும் தொழிலைத் தொடங்கினாள். பார்காரன் நூல் என்று நல்ல பெயர். பெய்ஸ்லி நூல் ஊரானதற்கு ஆரம்பப் பெருமையை ஊர் வரலாறு இவளுக்குத்தான் கொடுக்கிறது. ஏழு உயிரைக் குடித்த அதே ஆள்.

கேள்வி: தையல் நூலில் வரும் கோட்ஸ் என்ற பெயர் அந்த ஊர்தானா?

பதில்: அதே ஊர்தான். நெப்போலியன் போர்க் காலத்தில் பட்டு வரத்து நின்று, தறி விழுதுக்கு (பாவு நூல்களைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) நூல் கிடைக்காமல் போனபோது, கிளார்க் குடும்பம் பருத்தியில் வழவழப்பான நூல் முறுக்கிக் காட்டியது. 1826-இல் ஜேம்ஸ் கோட்ஸ் ஃபெர்கஸ்லியில் மில் கட்டினார். கிளார்க் மில் நங்கூரம், கோட்ஸ் மில் ஃபெர்கஸ்லி என்று போட்டி போட்டு, 1896-இல் ஒன்றாகி, உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றானார்கள். எம்பிராய்டரி நூலில் வரும் ‘ஆங்கர்’ அந்த நங்கூர மில்லின் பெயர்தான். மியூசியம், வானத்தை ஆராயும் கோபுரம், பிரம்மாண்டமான சர்ச் எல்லாம் இந்தக் குடும்பங்கள் கட்டியவை. தறிச் சண்டைக்குச் சிலை இல்லாத ஊரில் கோட்ஸுக்குச் சிலை உண்டு. கடைசி மில் 1993-இல் மூடியது. மிஞ்சிய கட்டடம் ஒன்று இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு.

கேள்வி: சினிமாக் கொட்டகையில் குழந்தைகள் இறந்ததாகச் சொல்கிறார்களே, தீ விபத்தா?

பதில்: தீ எரியவே இல்லை, அதுதான் தாங்க முடியாதது. 1929 டிசம்பர் 31. ஸ்காட்லாந்தில் அப்போது கிறிஸ்துமஸைவிட வருடக் கடைசி நாள்தான் பெரிய பண்டிகை. அம்மாக்கள் வீட்டைக் கழுவித் துடைக்க வேண்டும், பிள்ளைகள் காலில் சிக்காமல் இருக்கட்டும் என்று சில்லறை கொடுத்து கிளென் சினிமாவுக்கு மதியக் காட்சிக்கு அனுப்பினார்கள். பெரிய பிள்ளை சின்னதைக் கையில் பிடித்துக்கொண்டு போகும். ஓடி முடித்த ஃபிலிம் சுருளை ஒரு தகர டப்பாவில் வைக்க, அது சூடாகிப் புகைய ஆரம்பித்தது. அந்தக் காலத்து ஃபிலிம் அப்படி. புகை ஹாலுக்குள் வந்தது, யாரோ தீ என்று கத்தினார்கள். பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் இருந்த வாசலுக்கு ஓடினார்கள். படிக்கட்டின் கீழே மடக்கும் இரும்புக் கேட், மூடியிருந்தது. முன்னால் போனவர்கள் மேல் பின்னால் வந்தவர்கள். 71 குழந்தைகள். மேலாளர் மேல் வழக்குப் போட்டார்கள், விடுதலை ஆனார்.

சினிமாக் கொட்டகைகளின் பாதுகாப்புச் சட்டத்தை பிரிட்டனில் இறுக்கிப் பிடித்தது இதன் பிறகுதான்: போதுமான வாசல்கள், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, தள்ளினால் திறக்கும் கம்பி. பிழைத்த பிள்ளைகள் பலர் வீட்டில் இதைப் பற்றிப் பேசவே இல்லை, கிழவர் கிழவிகளான பிறகுதான் வாய் திறந்தார்கள். ஒவ்வொரு டிசம்பர் 31-க்கும் ஊர் நடுவில் நினைவுக் கூட்டம் நடக்கிறது.

கேள்வி: அங்கே உள்ள பழைய தேவாலயத்தில் வேற்றுக்கிரக வாசி சிலை இருக்கிறதாமே, புரளிதானே?

பதில்: சிலை இருக்கிறது, பழசு இல்லை. 1163-இல் வால்டர் ஃபிட்ஸ்ஆலன் தொடங்கிய மடம் அது. ஸ்டூவர்ட் அரச வம்சம் அவர் வழிதான். 1990-களில் மழைநீர் கொட்டும் கல் பூதங்களைப் புதுப்பித்தபோது சிற்பிகளில் ஒருவர் குறும்பு செய்திருக்கிறார், ஹாலிவுட் படத்து ராட்சசனின் மண்டை அப்படியே. நான் பார்க்கச் சொல்வது வேறு ஒன்று. மடத்துச் சாக்கடையைத் தோண்டியபோது அதற்குள் பலகைக் கல் துண்டுகள் கிடைத்தன, அவற்றில் பல குரல் சேர்ந்து பாடும் பாட்டின் சுரக் குறிப்பு கீறியிருந்தது. ஸ்காட்லாந்தில் கிடைத்த அப்படிப்பட்டவற்றில் மிகப் பழையது.

கேள்வி: நெசவாளர்கள் கவிஞர்களாகவும் இருந்தார்களாமே?

பதில்: ஒரு விருந்தில் ‘பெய்ஸ்லியின் கவிஞருக்கு’ என்று கோப்பையை உயர்த்தியதும், நன்றி சொல்ல அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் ரொம்பப் பொய் இல்லை. ராபர்ட் டானஹில் தறியிலேயே ஒரு பலகையைப் பொருத்தி வைத்துக்கொண்டு, நெய்துகொண்டே வரி எழுதினவர். பிரசுரம் நிராகரித்ததில் உடைந்துபோய் 1810-இல், 35 வயதில், வாய்க்காலில் விழுந்து உயிரை விட்டார். அலெக்சாண்டர் வில்சன் வேறு ரகம். மில் முதலாளி ஒருவரைக் கிண்டல் செய்து பாட்டுக் கட்டியதற்காக ஜெயிலுக்குப் போனார், சொந்தப் பாட்டை ஊர் நடுவில் தன் கையாலேயே கொளுத்தச் சொன்னார்கள். 1794-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கே பறவைகளை வரைய ஆரம்பித்தார். அமெரிக்கப் பறவையியலின் தந்தை என்று இன்று சொல்வது அவரைத்தான்.

கேள்வி: கிளாஸ்கோவில் மகன் இருக்கிறான், அடுத்த வருடம் போகிறோம். பெய்ஸ்லியை ஒரு நாளில் பார்த்துவிடலாமா?

பதில்: தாராளமாக. கிளாஸ்கோ சென்ட்ரலில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் கில்மர் ஸ்ட்ரீட் நிலையம், அங்கிருந்து தேவாலயம் நடக்கிற தூரம்தான். ஷட்டில் ஸ்ட்ரீட் பக்கத்தில் பழைய நெசவாளர் குடிசைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. 2021-க்கான பிரிட்டன் கலாச்சார நகரப் பட்டத்துக்கு மோதி, கடைசிச் சுற்றுவரை போய் கவென்ட்ரியிடம் தோற்ற ஊர் அது. ‘இது கிளாஸ்கோவின் புறநகர்தானே’ என்று மட்டும் யாரிடமும் கேட்டு வைக்காதீர்கள்.