நாயிப் சுபேதார் பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் காலாட்படையில் ஹவில்தார். 19 வயதில் சேர்ந்தார், 21 வருட சர்வீஸ் முடிந்துவிட்டது. அடுத்த பதவியான நாயிப் சுபேதாருக்குரிய கேடரும் (பதவி உயர்வுக்கான பயிற்சித் தேர்வு) பாஸ் செய்துவிட்டார். அடுத்த வருடம் முறை வரும் என்கிறார்கள். ஆனால் இவரோ, "புரமோஷன் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன். 24 வருஷத்துல எப்படியும் எம்ஏசிபியில அதே சம்பளம் வந்துடும். வாங்கிக்கிட்டு ஊருக்கு வந்துடறேன்" என்கிறார். மகள் பிளஸ் ஒன் போகப் போகிறாள். இவர் சொல்வது சரியா? – வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: சரியில்லை, சகோதரி. ஊருக்கு வர நினைப்பதில் தவறில்லை. அவர் போட்டிருக்கும் கணக்குதான் தவறு.

எம்ஏசிபி என்பது பதவி உயர்வு கிடைக்காமல் தேங்கி நிற்பவர்களுக்கான ஏற்பாடு. 8, 16, 24 வருடங்களில் சம்பளம் மட்டும் அடுத்த நிலைக்கு ஏறும், தோளில் பட்டை மாறாது. சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு மூன்றாவது ஏற்றம் நாயிப் சுபேதார் சம்பளமான லெவல் 6. இது வரைக்கும் அவர் சொல்வது உண்மை. ஆனால் முறை வந்தபோது பதவி உயர்வை மறுத்தவருக்கு அந்த ஏற்றம் கிடையாது. "தேங்கி நின்றதால் கொடுக்கிறோம், நீங்களாக மறுத்தால் அது தேக்கமில்லை" என்பதுதான் விதியின் நியாயம். அதாவது 22-வது வருடத்தில் 'அன்வில்லிங்' (பதவி உயர்வு வேண்டாம்) என்று கையெழுத்துப் போட்டுவிட்டு 24-வது வருடத்தில் லெவல் 6-ஐ எதிர்பார்க்க முடியாது. யூனிட்டில் பலர் இதைத் தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கிளார்க்கும் எடுத்துச் சொல்வதில்லை, படிவத்தை நீட்டுவதோடு சரி.

பணமாகப் பார்த்தால் எவ்வளவு? உதாரணத்துக்கு, ஹவில்தாரின் லெவல் 5-ல் அவருடைய அடிப்படைச் சம்பளம் 40,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதவி உயரும்போது முதலில் ஒரு இன்கிரிமென்ட் சேர்ந்து 41,600 ஆகும். பிறகு லெவல் 6 அட்டவணையில் அதற்கு அடுத்த கட்டம், 42,300. ஆக 1,900 ரூபாய் கூடுகிறது. இராணுவ சேவைச் சம்பளம் 5,200 இரண்டு நிலைக்கும் பொதுவே. ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி என்பதால் 22,800-க்குப் பதில் 23,750. மாதம் 950 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும்தான் வித்தியாசம். இவ்வளவுதானா என்று தோன்றும். இதற்காக மட்டும் என்றால் நானும் உங்கள் கணவர் பக்கம்தான் பேசியிருப்பேன்.

ஆனால் விஷயம் அந்த 950-ல் இல்லை. ஹவில்தாராகவே இருந்தால் இரண்டு வருட நீட்டிப்பையும் சேர்த்து 26 வருட சர்வீஸ் அல்லது 49 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். நாயிப் சுபேதாருக்கு 28 வருடம் அல்லது 52 வயது. சுபேதாருக்கு 30 வருடம், அதே 52 வயது. சுபேதார் மேஜருக்கு 34 வருடம், 54 வயது, அல்லது அந்தப் பதவியில் 4 வருடம். நீட்டிப்பு தானாக வராது. மருத்துவ வகை, ஒழுக்கப் பதிவு எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். உங்கள் கணவருக்கு இது 45 வயதில் வீட்டுக்கு வருவதா, 47-லா, 49-லா என்பதுதான். சுபேதார் ஆனால் லெவல் 7. அதற்கு எம்ஏசிபியில் வழியே இல்லை, 24-வது வருட ஏற்றத்தோடு அது முடிந்துவிடும். ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்திலும் பதவியையும் சேவைக்காலத்தையும் பார்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அது திருத்தப்படும்போதெல்லாம், எந்தப் பதவியில் வெளியே வந்தார் என்பது மறுபடி கணக்குக்கு வரும்.

பணத்தை விட்டுப் பேசினால், ஹவில்தாருக்கும் நாயிப் சுபேதாருக்கும் நடுவே இருப்பதுதான் சிப்பாயின் வாழ்க்கையிலேயே பெரிய படி. ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர், அதாவது நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) ஆனால் குடியரசுத் தலைவரின் கமிஷன், தனி மெஸ், 'சாப்' என்ற அழைப்பு. ஒரு பிளட்டூன் (சிறு படைப்பிரிவு) அவர் பொறுப்பில் வரும். பையன்களின் லீவு, கடன், வீட்டுச் சண்டை முதற்கொண்டு அவரிடம்தான் வரும், அதிகாரியின் கோபமும் அவர் வழியாகத்தான் கீழே இறங்கும். சிலருக்கு இது ஒத்துவராது, அது ஒரு நியாயமான காரணம். கௌரவ லெப்டினென்ட், கௌரவ கேப்டன் பட்டங்களும் (ஜனவரி 26, ஆகஸ்ட் 15 அறிவிப்பில் வருபவை) ஜேசிஓக்களுக்குத்தான். 1987-ல் சியாச்சினில் பரம்வீர் சக்ரா பெற்றபோது நாயிப் சுபேதாராக இருந்த பானா சிங் ஓய்வு பெற்றது கௌரவ கேப்டனாக. ஹவில்தாராக ஓய்வு பெறுபவருக்குக் கிடைக்கக்கூடியது கௌரவ நாயிப் சுபேதார் பட்டம்.

"அப்படியென்றால் மகள் படிப்பு?" என்று கேட்பீர்கள். அவள் பிளஸ் டூ முடிக்கும்போது இவருக்கு 23 வருட சர்வீஸ் ஆகியிருக்கும். மறுத்தாலும் மறுக்காவிட்டாலும் அந்த இரண்டு வருடம் அவர் வீட்டில் இருக்கப் போவதில்லை. இந்த எளிய கணக்கை ஏன் யாரும் போடுவதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை. பதவி உயர்வை வாங்கிக்கொள்ளட்டும். 28 வருடம் என்பது மேல் வரம்புதான். குடும்பக் காரணம் உண்மையாக இருந்தால் ஜேசிஓவும் சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே வெளியே வர விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைக்கத் தாமதமாகலாம், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் என்சிசி பட்டாலியன்களில் பயிற்றுநர் இடங்களும் உண்டு, போட்டி அதிகம்தான், கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

ஒரே ஒரு சூழ்நிலையில் நான் மறுக்கச் சொல்வேன்: வெளியே நிஜமான வேலை கையில் இருந்தால். வங்கிக் கிளார்க் பணியில் முன்னாள் படைவீரருக்கு 14.5 சதவீதம் ஒதுக்கீடு, மத்திய அரசின் குரூப் சி-யில் 10 சதவீதம். வயதில் சர்வீஸ் வருடங்களைக் கழித்துவிட்டு மேலே 3 வருடம் சலுகை தருகிறார்கள். ஜேசிஓ வரை உள்ளவர்களுக்குப் புதிய வேலையில் சம்பளம் நிர்ணயிக்கும்போது இராணுவ ஓய்வூதியத்தைக் கழிப்பதும் இல்லை. ஆனால் தேர்வு எழுதிப் பாஸ் செய்ய வேண்டும், 40 வயதில் கணக்கும் ஆங்கிலமும் மறுபடி படிக்க வேண்டும். அவர் படிக்கிறாரா? இல்லையென்றால் "ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்பது பெரும்பாலும் செக்யூரிட்டி வேலையில்தான் போய் முடிகிறது.

இன்னொன்று. கேடர் பாஸ் செய்ததாலேயே பதவி உறுதியாகிவிடாது. கடைசி ஐந்து ஏசிஆர் (ஆண்டு ரகசிய அறிக்கை), சிவப்பு மைப் பதிவுகள் (தண்டனைப் பதிவுகள்), மருத்துவ வகை எல்லாம் பார்ப்பார்கள். இந்த வயதில் பலரைக் கவிழ்ப்பது எடையும் ரத்த அழுத்தமும்தான். முறை வருவதற்குள் ஷேப்-1 என்ற முழு உடல்தகுதி வகையில் இருந்து இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். லீவில் வரும்போது நீங்கள் போடும் சாப்பாட்டிலும் கொஞ்சம் கை வையுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பெயர், பிறந்த தேதி, மகளின் பிறப்புப் பதிவு ஆகியவை ரெக்கார்ட்ஸ் அலுவலகத்திலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓய்வூதியம் ஸ்பர்ஷ் இணையதளத்துக்கு மாறிய பிறகு, பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் குடும்ப ஓய்வூதியம் சிக்கிக்கொள்கிறது. அவர் சர்வீஸில் இருக்கும்போது யூனிட் மூலம் ஒரு பார்ட்-2 ஆர்டர் (பதிவேட்டில் விவரங்களைத் திருத்தும் உத்தரவு) போட்டால் தீர்கிற வேலை, வெளியே வந்தபின் மாதக்கணக்கில் இழுக்கும். அடுத்த லீவில் ஆதார் நகல்களைக் கொடுத்தனுப்புங்கள்.