பழைய லேசர் படகு வாங்கலாமா? முதலில் தகட்டைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் சென்னையில் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்மரப் படகு ஓட்டுகிறாள். வயது வரம்பு நெருங்குவதால் அடுத்த வகைப் படகான ஐஎல்சிஏ 4-க்கு மாற வேண்டும். தரகர் ஒருவர் பழைய 'லேசர்' ஒன்றைக் காட்டி, இரண்டும் ஒன்றுதான் என்கிறார். வேண்டாமென்றால், ஃபைபர் பட்டறையில் பாதி விலைக்குப் புதிதாகவே செய்துதருவாராம். இப்போது யார் வேண்டுமானாலும் கட்டலாமாம். நம்பலாமா?

பதில்: பட்டறைப் படகு வேண்டவே வேண்டாம். பழைய லேசரை வாங்கலாம், பார்த்து வாங்கினால்.

'யார் வேண்டுமானாலும் கட்டலாம்' என்பது அரைப்பொய். 1971-ல் விற்பனைக்கு வந்த இந்தப் படகை வட்டாரத்துக்கு ஒரு நிறுவனம் என்று பிரித்துக்கொண்டு கட்டிவந்தார்கள். 'லேசர்' என்ற வணிகப் பெயர் எவரிடமோ, கட்டும் உரிமையும் அவரிடம். விலையும் அவர் வைத்ததுதான். 2019 மார்ச்சில், ஆய்வுக்கு இடம் தரவில்லை என்று சொல்லி, கட்டுநரான லேசர் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை, இந்த வகைப் படகுகளின் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் வகுப்புச் சங்கம் (சுருக்கமாக ஐஎல்சிஏ) முறித்தது. ஒலிம்பிக் படகை ஒருவரே பிடித்துவைத்திருக்கக் கூடாது என்று பாய்மரப் படகுப் போட்டிகளின் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங்கும் நெருக்கியது. வணிகப் பெயர் சங்கத்தின் கையில் இல்லாததால் படகின் பெயரே ஐஎல்சிஏ ஆயிற்று. புதிய கட்டுநர்கள் உள்ளே வந்தார்கள்.

ஆனால் எல்லோரும் உரிமம் பெற்றவர்கள். சங்கம் ஒப்புக்கொண்ட அச்சில், ஒரே கையேட்டின்படி கட்டுகிறவர்கள். அந்தக் கையேட்டை வெளியில் காட்டுவதில்லை. படகுகளைப் பரிசோதிக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் கிடையாது! ஆப்டிமிஸ்ட்டில் அளவு நாடாவும் படிவமுமாக உட்கார்ந்து சரிபார்த்துப் பழகியவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். இங்கே கேட்பது பிறப்புச் சான்றிதழ். உங்கள் பட்டறைக்காரர் மில்லிமீட்டர் பிசகாமல் செய்தாலும் பந்தயத்தில் செல்லாது.

அந்தச் சான்றிதழ் காக்பிட்டின் (ஓட்டுபவர் கால் வைக்கும் பள்ளத்தின்) பின்பக்கம் ஒட்டிய சிறு தகடு. அதில் படகின் எண் இருக்கும். இந்த இடத்தில்தான் தரகர்கள் விளையாடுகிறார்கள். ஒருமுறை என்னிடம் பரிசோதனைக்கு வந்த படகில் தகட்டைச் சுற்றிப் பசை பிதுங்கி, அதில் மணல் ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பினேன், கையோடு வந்துவிட்டது. உடைந்துபோன வேறொரு படகின் தகடு அது. பணம் கொடுத்த தந்தை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தரகரின் தொலைபேசி அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

தகடே இல்லையென்றால் போலி என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். 148200-க்கு முந்தைய எண் கொண்ட படகுகளுக்குத் தகடு கிடையாது. அவற்றின் எண், அணியத்தில் (படகின் முன்முனையில்) கயிறு கட்டும் வளையத்துக்குக் கீழேயோ பின்பலகையிலோ அச்சிலேயே பதிந்திருக்கும். அவை செல்லும். எண் அதற்கு மேலிருந்து தகடு இல்லையென்றால் செல்லாது. 'தகடு கழன்று தொலைந்துவிட்டது' என்பார்கள். புதிதாக வாங்கி ஒட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். எப்படி வாங்குவது என்று நீங்கள் விசாரிக்கப் போனால் சங்கம் கட்டுநரைக் காட்டும், கட்டுநர் சங்கத்தைக் காட்டுவார். பருவமே முடிந்துவிடும்.

பாயிலும் இதே கதை. முன்பக்கக் கீழ்மூலையில் வகுப்பின் முத்திரைப் பொத்தான் இல்லாத மலிவுப் பாய் பயிற்சிக்கு மட்டும். அதை அசல் விலைக்குத் தலையில் கட்டுவார்கள்.

பாய்மரம் செருகும் குழியில் தண்ணீர் நிரப்பிச் சற்று நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் படகுக்குள் கசிகிறது, வாங்காதீர்கள்.

நல்ல ஹல் (படகின் உடல்) அமைந்தால் மகள் வளர்ந்தபின் அதை மாற்ற வேண்டியதில்லை. ஐஎல்சிஏ 4, 6, 7 மூன்றுக்கும் ஹல் ஒன்றே. பாய்மரத்தின் கீழ்ப்பகுதியும் பாயும்தான் மாறும். நம் வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் போட்டியிட்டது இதே ஹல் வகையில்தான்.

எண்ணைப் படமெடுத்து வகுப்புச் சங்கத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். பதில் தாமதமாகத்தான் வரும். அதுவரை தரகருக்கு முன்பணம் என்று நூறு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.