மயக்க ஊசிக்கு முன் மாஸ்க் எதற்கு?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி: "அம்மாவுக்கு 58 வயது, 86 கிலோ. அடுத்த வாரம் வேலூரில் பித்தப்பைக் கல் ஆபரேஷன். முன்பு கர்ப்பப்பை எடுத்தபோது, முகத்தில் மாஸ்க் வைத்ததும் மூச்சு முட்டித் தட்டிவிட்டாராம். நுரையீரலில் கோளாறு எதுவும் இல்லை. மாஸ்க் வேண்டாம் என்று சொல்லலாமா?"

மயக்க டாக்டர் பதில்: அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தண்ணீர் வராத நாளுக்கு டிரம்மில் பிடித்து வைப்பதை நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் ஏறியதும் மூச்சு நின்றுவிடும். மூச்சுக்குழாயில் டியூப் போடும்வரை உடம்பு இருப்பை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று தங்கும். ஆனால் நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். டிரம்மில் முக்கால்வாசிக்கு மேல் உப்புத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்போ நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன் கேட்கும். ஓரிரு நிமிடத்தில் தட்டுப்பாடு வந்துவிடும்.

மூன்று நிமிடம் சுத்த ஆக்சிஜனை இழுத்தால் உப்புத் தண்ணீர் போய் நல்ல தண்ணீர் நிரம்பும். ஆரோக்கியமானவருக்கு ஏறக்குறைய 8 நிமிடம் தாங்கும். டியூப் போட வழக்கமாக அவ்வளவு நேரம் ஆகாதுதான். ஆனால் சிலருக்கு லேசில் போகாது, அது யாருக்கு என்று முன்கூட்டியே எப்போதும் கண்டுபிடிக்க முடிவதில்லை.

அம்மாவின் எடைக்கு இது இன்னும் முக்கியம். மல்லாந்து படுத்தால் வயிறு நுரையீரலை மேலே நெருக்கும், டிரம்மே சின்னதாகிவிடும். அதனால் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்து ஆக்சிஜன் கொடுப்போம்.

"விரலில் மாட்டும் மெஷின்தான் 100 காட்டுகிறதே" என்பார்கள். அது ரத்தத்தின் கணக்கு. நுரையீரலில் எவ்வளவு நிரம்பியது என்பதை அது சொல்லாது. அதற்கு வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதத்தைத் தொடுகிறதா என்று பார்ப்போம்.

சரி, பயத்துக்கு வருவோம். அந்த நேரத்தில் மாஸ்க்கில் வருவது வெறும் ஆக்சிஜன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வாடையை மயக்க வாயு என்று நினைத்து மூச்சை அடக்குபவர்கள் உண்டு, முட்டுவதே அதனால்தான் பல நேரம். மாஸ்க்கை அவரே பிடித்துக்கொள்ளலாம். ஓரத்தை மட்டும் தூக்கக் கூடாது, இரண்டு மூச்சு அறைக்காற்று போனாலே சேர்த்தது வீணாகும். நிதானமாக இழுத்து விட்டால் போதும். பக்கத்தில் தொங்கும் பை மூச்சோடு சுருங்கி விரியும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் பார்க்கும்போதே பழைய கதையைச் சொல்லிவிடுங்கள். மூன்று நிமிடம் முடியாதவருக்கு ஒரு நிமிடத்தில் எட்டு ஆழ்ந்த மூச்சு என்று இன்னொரு வழியும் இருக்கிறது. அப்புறம், நெயில் பாலிஷ் இருந்தால் வீட்டிலேயே அழித்துவிட்டு வாருங்கள்.