நாயோடு சேர்ந்து தொண்டு வேலை செய்த அனுபவம் யாருக்காவது உண்டா? எப்படித் தொடங்குவது?

எனக்கு உண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. இரண்டு வருடமாக, ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் காலை ஏழரைக்கு நானும் பிரவுணியும் அங்கே போகிறோம். ஒன்பது மணி தாண்டினால் காலி வீதித் தார் சுடத் தொடங்கிவிடும், எனக்குச் செருப்பு இருக்கிறது, அவளுக்கு இல்லையே.

பிரவுணி சாதி நாய் இல்லை, மரைன் டிரைவில் ரயில் பாதையோரம் கிடந்த ஊர்க்குட்டி. லாப்ரடோர் மாதிரி ஏதாவது வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அதற்காகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட சிப்பாய்களை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்த ஸ்மோக்கி என்ற நாய், 1944இல் நியூகினியில் ஒரு பதுங்குகுழிக்குள் கண்டெடுத்தது, நிறை இரண்டு கிலோகூட இல்லை. குணம்தான் முக்கியம். முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டு விழுந்தால் என்ன செய்கிறது, முன்பின் தெரியாத ஆள் காதைப் பிடித்தால் பொறுக்கிறதா, பொல்லு ஊன்றி வருகிறவரைப் பார்த்துக் குரைக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி வருடாவருடம் போட வேண்டும், அட்டையின் போட்டோகொப்பியை அவர்கள் கேட்காமலே நான் இல்லத்தில் கொடுத்துவிடுவேன். போவதற்கு முதல்நாள் குளிப்பாட்டி உண்ணி பார்க்க வேண்டும். நகம் வெட்ட வேண்டும். இதில்தான் நான் கோட்டை விட்டேன். இரண்டாவது தடவை போனபோது பிரவுணி ஆசையில் ஓர் ஆச்சியின் மடியில் காலை வைத்துவிட்டாள். வயதானவர்களின் தோல் கடதாசி மாதிரி, அதிலும் அவர் இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர். சின்னக் கீறல்தான், ஆனால் இரத்தம் நிற்கவே இல்லை. ஒரு மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரிதானே, பிழை என்னுடையது.

அப்புறம், நம்மாட்களில் எல்லோரும் நாயை வீட்டுக்குள் விட்டு வளர்த்தவர்கள் இல்லை. சிலருக்குப் பயம், சிலருக்குச் சமயம் சார்ந்த விலக்கு, அதனால் கதவடியில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். ஓர் ஆச்சி ஒவ்வொரு தடவையும் "குளிச்சிட்டு நிக்கிறன், கிட்டக் கொண்டு வராதை" என்பார். அடுத்த மூச்சில் "அது சாப்பிட்டதோ?" என்றும் கேட்பார்.

அங்கே பிரவுணி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. "வாடிவென்ன" என்று சிங்களத்தில் சொன்னாலும் "இரு" என்று தமிழில் சொன்னாலும் இருப்பாள், பிறகு படுத்துவிடுவாள், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற அந்த மனிதர்கள், சுகமா என்று நான் கேட்டால் சுகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், அவளைப் பார்த்ததும் தாங்களாகக் கதைக்கத் தொடங்குகிறார்கள். யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் மாதக்கணக்காக என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஒருநாள் "இது கடிக்குமோ?" என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, 95 ஒக்டோபரில் சண்டையால் ஊரே வெளிக்கிட்டபோது அவர்கள் வீட்டு நாய் நாவற்குழிப் பாலம் வரைக்கும் பின்னால் வந்ததாம், சனத்துக்குள் திரும்பிப் பார்க்க ஏலவில்லையாம், என்று சுவரைப் பார்த்தபடி சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாரி பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து அவளுக்கு வைத்தார்.

நாய்க்கும் இது வேலைதான், களைக்கும். நித்திரை வராமலே கொட்டாவி விடுவது, சும்மா உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, இதில் எதைக் கண்டாலும், யார் என்ன சொன்னாலும், கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வெளிநாட்டில் ஒரு பெரிய அமைப்பு ஒரு நாளைக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் விடுவதில்லை. எங்களுக்கு நாற்பது நிமிடமே அதிகம், சில நாள் இருபதிலேயே திரும்பியிருக்கிறோம்.

தொடங்குவதென்றால், முதல் இரண்டு தடவை நாய் இல்லாமல் தனியாகப் போங்கள். உங்களுக்கே அந்த இடம் ஒத்துவராவிட்டால் நாயை இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. பிஸ்கட் விஷயத்தையும் முதலிலேயே கதைத்துவிடுங்கள். வேண்டாம் என்றால் தலையாட்டுவார்கள், பிறகு சேலை மடிப்புக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பிரவுணி இரண்டு கிலோ கூடிவிட்டாள், அந்த ஞாயிறுகளில் வீட்டில் காலைச் சாப்பாடு வைப்பதையே நிறுத்திவிட்டேன்.