அண்ணன் தம்பி சேர்ந்திருக்கும் ராக், பாப் குழுக்களில் எது பிடிக்கும்? ஏன்?

என் ஓட்டு ஆஸ்திரேலிய ராக் குழுவான ஏசி/டிசிக்குத்தான். தம்பி ஆங்கஸ் யங் பள்ளிச் சீருடையில் மேடை முழுக்க ஓடுவார்; எல்லோர் கண்ணும் அவர் மேல்தான். ஆனால் பின்னால் நின்று ரிதம் கிட்டார் வாசித்த அண்ணன் மால்கம்தான் குழுவின் முதுகெலும்பு.

எங்கள் வியாசர்பாடி கானா மேடையில் அண்ணன் பாட, தம்பி டோலக் வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். அண்ணன் எங்கே மூச்சு இழுப்பான் என்று தம்பிக்குத் தெரியும், நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். பீ ஜீஸ் என்ற பாப் குழுவின் மூன்று கிப் சகோதரர்களின் குரல்கள் அப்படி இழைவதும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாகப் பாடியதால்தான்.

சரி, சண்டை? அதுவும் உண்டு. ஒயாசிஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் அண்ணன் நோயலும் தம்பி லியாமும் 2009-ல் பிரிந்து, 2025-ல்தான் மறுபடி சேர்ந்து மேடையேறினார்கள். ஆனால் ஏசி/டிசியில் மால்கம் 2014-ல் உடல்நலம் குன்றி விலகியபோது, அந்த இடத்துக்கு வந்தவரும் குடும்பத்து ஆள்தான்: அவர்களுடைய மூத்த அண்ணனின் மகன் ஸ்டீவி.