வெடிக்காது தம்பி, ஆனால் ரீசெட்டை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துக்கு வந்து இரண்டு மாதம், வாடகை வீடு. சமையலறைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டியில், அதாவது கேஸில் எரிந்து வெந்நீரும் வீட்டுக்குச் சூடும் தரும் பாய்லரில், பிரஷர் முள் நான்கு நாளைக்கு ஒருமுறை இறங்கி, வெந்நீர் நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் ‘நீங்களே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்’ என்கிறார், அறைத்தோழர் ரீசெட்டை அழுத்து என்கிறார், ஊரில் அம்மா கேஸ் கீசர் கதைகளை நினைத்துப் பயப்படுகிறார், இது வெடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே கேள்வியோடு இங்கிலாந்தில் ஒரு குளிர்காலத்தை ஓட்டியவன்தான்.

அம்மாவின் பயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அது வீண் பயம் இல்லை. நம்மூரில் குளியலறைக்குள்ளேயே மாட்டும் கேஸ் கீசர் அந்த அறைக் காற்றை இழுத்து எரிந்து, புகையையும் அங்கேயே விடும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிப்பவர் மயங்கி விழுவது அதனால்தான். உங்கள் பாய்லரிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே போகும் குழாயைப் பாருங்கள். அது குழாய்க்குள் குழாய். வெளி வளையத்தில் காற்று உள்ளே வரும், உள் குழாயில் புகை வெளியே போகும். அறைக் காற்றுக்கும் நெருப்புக்கும் தொடர்பே இல்லை. நிறைய பாய்லர்களில் முன்மூடியும் இந்த அடைப்பின் ஒரு பகுதி. ‘உள்ளே என்னதான் இருக்கிறது’ என்று ஸ்க்ரூ டிரைவரோடு போகாதீர்கள் என்பது அதற்காகத்தான். குளிர்காலத்தில் வெளியே வெள்ளையாக வருவது நீராவி. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு வீடு எரிகிறது என்று எனக்கு ஆபீசுக்கு போன் செய்தார்.

ஒருநாள் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். முதலில் ஃபேன் சுற்றும் சத்தம். மிச்சம் மீதி கேஸ் இருந்தால் அதை வெளியே தள்ளிவிடத்தான். பிறகு டிக் டிக் டிக் என்று பொறி. அப்புறம் ‘வுப்’ என்று நெருப்பு பிடிக்கும். பிடித்ததா இல்லையா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? நெருப்பின் வழியாக மின்சாரம் பாயும். நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் போகிறதா என்று உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு பார்த்துக்கொண்டே இருக்கும். மின்னோட்டம் நின்றால் சில வினாடிகளில் கேஸ் வால்வு மூடிவிடும். அந்த வால்வைத் திறந்து பிடித்திருப்பது மின்சாரம், மூடுவது ஸ்பிரிங். அதனால் கரண்ட் போனாலும் மூடிக்கொள்ளும். ‘கேஸ் பாய்லர்தானே, கரண்ட் போனால் என்ன’ என்று இங்கே வந்த புதிதில் எல்லோரும் கேட்போம், பதில் இதுதான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானாலும் இன்னொரு சென்சார் இதே வால்வை மூடச் சொல்லும்.

இப்போது உங்கள் முள். அந்த பிரஷர் கேஸுடையது அல்ல, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் சுற்றும் தண்ணீருடையது. பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (பிரஷரை அளக்கும் அலகு) இருந்தால் சரி. 0.5 வாக்கில் இறங்கினால் நிறைய பாய்லர்கள் தாமாகவே நின்றுவிடும், உங்களுக்கு நடப்பதும் அதுதான். மேலே 3 பார் தொட்டால் ஒரு பாதுகாப்பு வால்வு திறந்து, செம்புக் குழாய் வழியாகத் தண்ணீரை வெளிச்சுவருக்குத் தள்ளிவிடும். குக்கரில் வெயிட் தூக்குகிற மாதிரி.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பெட்டிக்கு அடியில் வெள்ளிப் பின்னல் போட்ட ஒரு சின்ன ஹோஸ் இருக்கும், அதுதான் ஃபில்லிங் லூப், தண்ணீர் நிரப்பும் இணைப்பு. முதல் வருடம் அதைத் திறந்து, முள் 1.3க்கு வந்ததும் மூடினேன். இரண்டு வால்வில் ஒன்று சரியாக மூடவில்லை. இரவெல்லாம் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் வெளிச்சுவர் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்து மழைத்தண்ணீர் என்றே நினைத்தேன். மூன்று நாள் கழித்துத்தான், மழையே இல்லையே என்று உறைத்தது. ஒருமுறை திறந்த பாதுகாப்பு வால்வு சில சமயம் சரியாக மூடாது. அதற்குப் பிறகு எவ்வளவு நிரப்பினாலும் முள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் முதல் வேலையாக உங்கள் வீட்டு வெளிச்சுவரில் அந்தச் செம்புக் குழாயைத் தேடிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் காரணம் அங்கே. காய்ந்திருந்தால் ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வின் அடியிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். இன்னொன்று: ஆறியிருக்கும்போது 1.2 காட்டும் முள், ஹீட்டிங் ஓடும்போது 3ஐ நெருங்குகிறதா? அப்படியானால் எக்ஸ்பான்ஷன் வெசல்மேல் சந்தேகப்படலாம். 100 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால் கிட்டத்தட்ட 3 லிட்டர் கூடுதலாக வீங்கும். அந்த வீக்கத்துக்கு இடம் கொடுக்கத்தான் ரப்பர்த் திரைக்கு அந்தப் பக்கம் காற்றடைத்த ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். காற்று இறங்கிவிட்டால் தண்ணீருக்குப் போக வழியில்லை, பாதுகாப்பு வால்வைத்தான் திறக்கும். இதைச் சரிசெய்வது எஞ்சினியர் வேலை. வாராவாரம் புதுத் தண்ணீர் நிரப்புவது மருந்து இல்லை. புதுத் தண்ணீரோடு ஆக்சிஜன் போய் ரேடியேட்டர்களை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும்.

ரீசெட் பட்டன் விஷயத்தில் உங்கள் அறைத்தோழர் சொல்வது பாதி சரி. ஒருமுறை அழுத்தலாம், இரண்டு முறை அழுத்தலாம். மூன்றாவது முறையும் நின்றால் விட்டுவிடுங்கள். 2010 டிசம்பர் இங்கே மகா குளிர். அதிகாலையில் என் பாய்லர் நின்று, ஏழெட்டு முறை அழுத்தியும் பயனில்லை. கடைசியில் பார்த்தால் எரியும்போது உண்டாகும் நீரை வடிக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் வெளியே உறைந்துபோயிருந்தது. உள்ளே கொப்பளிக்கிற மாதிரி களக் களக் சத்தம் கேட்டால் அதுதான். வெதுவெதுப்பான தண்ணீரை ஜக்கில் எடுத்துக் குழாய்மேல் ஊற்றினால் போதும், கொதிக்கும் தண்ணீர் கூடாது.

பயப்பட வேண்டியது, கேஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு. அதற்கு வாசனை கிடையாது. வீட்டில் இருவருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் தெளிகிறது என்றால் சளி என்று படுத்துவிடாதீர்கள். பாய்லரை அணைத்துவிட்டு வெளியே வந்து உதவி கேளுங்கள். வாடகை வீட்டில் பாய்லர் இருக்கும் அறையில் இதற்கான அலாரம் வைத்துத்தர வேண்டும் என்று இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல் சட்டம். உங்கள் சமையலறையில் இருக்கிறதா பாருங்கள். அதன் டெஸ்ட் பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள்.

கேஸ் வாசனை வந்தால் வேறு கதை. ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, மீட்டர் பக்கத்து கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பிவிட்டு, வெளியே வந்து கேஸ் அவசர எண்ணான 0800 111 999க்கு போன் செய்யுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

வீட்டுக்காரரிடம் தயங்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை ‘கேஸ் சேஃப்’ என்ற கேஸ் எஞ்சினியர்களின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் பதிவு பெற்ற எஞ்சினியரை வைத்துச் சோதித்து, அதன் சான்றிதழை உங்களிடம் தருவது அவர் கடமை. நீங்கள் குடிவரும்போதே தந்திருக்க வேண்டும். வருகிறவரின் அடையாள அட்டையின் பின்பக்கத்தையும் கேட்டுப் பாருங்கள், எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி என்று அதில் போட்டிருக்கும். இன்றிரவு பாய்லர் ஆறிய பிறகு முள்ளை ஒரு படம் எடுங்கள், ஹீட்டிங் ஓடும்போது ஒன்று, நான்காம் நாள் ஒன்று. மூன்றையும் இணைத்து ஈமெயிலாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னால் ‘பார்க்கிறேன்’ என்று சொல்லி மறந்துவிடுவார்.