முகட்டைத் தாண்டட்டும் தார்ப்பாய்

கேள்வி: புயலில் எங்கள் ஓட்டு வீட்டின் ஒரு பக்கத்தில் ஏழெட்டு ஓடுகள் பறந்துவிட்டன. அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, பறக்காமல் இருக்கச் செங்கல் வைத்தோம். அடுத்த மழைக்கே ஒழுகிவிட்டது. ராத்திரி முழுக்க ஷீட் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஓடு மாற்ற ஆள் வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: மழையும் காற்றும் ஓய்ந்ததும் முதல் வேலையாக அந்தச் செங்கற்களை இறக்கச் சொல்லுங்கள் அம்மா. அதுவரை அந்தப் பக்கத்து இறவாணத்துக்கு, அதாவது கூரையின் கீழ் ஓரத்துக்கு, அடியில் யாரும் நிற்க வேண்டாம். நான் தச்சு வேலைக்கு வந்த புதிதில் இதே மாதிரி செங்கல் வைத்துவிட்டு வந்தேன். ராத்திரிக் காற்றில் ஒரு கல் உருண்டு, நன்றாக இருந்த மூன்று ஓடுகளை உடைத்துக்கொண்டு வாசலில் விழுந்தது. அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான். அன்றோடு கூரை மேல் கல் வைப்பதை விட்டேன்.

அப்புறம், ஏன் ஒழுகியது? மழைத்தண்ணீர் முகட்டிலிருந்து சரிந்து வருகிறது. உங்கள் ஷீட்டின் மேல் ஓரம் அதற்கு எதிரே திறந்து கிடக்கிறது. தண்ணீர் நேராக அதன் அடியில் புகுந்து ஓட்டைக்குப் போய்விடும். மேலே இருக்கும் ஓடு கீழே இருக்கும் ஓட்டின் மேல் படிந்திருப்பதைப் பாருங்கள். தார்ப்பாய்க்கும் அதே நியாயம்தான். ஓட்டையை மட்டும் மூடாமல், முகட்டைத் தாண்டி மறுபக்கம் 3, 4 அடியாவது இறங்கும்படி போர்த்த வேண்டும். பக்கவாட்டிலும் உடைந்த இடத்தைவிட 3 அடி கூடுதலாக இருக்கட்டும்.

விரிப்பதற்கு முன் ஓட்டையின் குறுக்கே, கைமரத்தின் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) மேல் உட்காரும்படி இரண்டு மூன்று பலகைகளை ஆணி அடித்து நிறுத்துங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பலகை இல்லாவிட்டால் தார்ப்பாய் அங்கே தொட்டிலாகத் தொங்கும். ஒரு மீட்டர் நீள அகலத்தில் 10 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கினால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ! அடிபட்ட கூரை அதைத் தாங்காது.

படபடப்பை நிறுத்துவதுதான் பெரிய வேலை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். ஓரத்து வளையங்களில் மட்டும் கயிறு கட்டினால், அத்தனை இழுப்பும் அந்த நாலு வளையத்தில் விழுந்து பிய்ந்துவிடும். அதற்குப் பதிலாக, தார்ப்பாயின் மேல், கீழ் ஓரங்களில் ஓரத்துக்கு ஒன்றாக நீள ரீப்பர் கட்டையை (மெல்லிய மரச்சட்டம்) வையுங்கள். கட்டையைத் தார்ப்பாயோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுருட்டுங்கள். சுருள் அடிப்பக்கமாக இருக்க வேண்டும். மேலே இருந்தால் அந்த மடிப்பில் தண்ணீர் நிற்கும். சுருட்டியபின் அரை அடிக்கு ஒரு ஆணி அடியுங்கள். இப்போது இழுப்பு ஓரம் முழுக்கப் பரவிவிடும். ஓட்டில் ஆணி அடிக்க முடியாது என்பதால், இரண்டு கட்டைகளிலிருந்தும் கயிறு இறக்கி, அந்தந்தப் பக்கத்து இறவாணத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கைமர நுனிகளில் விறைப்பாகக் கட்டுங்கள். முதல் காற்றுக்குப் பிறகு கயிறு கொஞ்சம் தளரும், திரும்ப இழுத்துக் கட்ட வேண்டும்.

இதையெல்லாம் நீங்களே ஏறிச் செய்யச் சொல்லவில்லை. கூரை வேலை பழகியவர் இருவர் வந்தால் சரி. ஈர ஓட்டில் யாரையும் ஏற்றாதீர்கள். பக்கத்தில் மின்கம்பி தொங்கினால் கிட்டவே போக வேண்டாம். 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் ஏணியின் காலைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, அதன் மேல் நுனியை இறவாணத்துக்கு மேல் 3 அடி நீட்டி, கட்டிவிட வேண்டும். மேலே போனதும் ஓடுகளை மிதிக்காமல், முகட்டில் மாட்டிப் படுக்கவைத்த இன்னொரு ஏணி மேல் நடக்கட்டும். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் மூடுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

நல்ல கெட்டித் தார்ப்பாய் மூன்று வாரம் தாங்கும். மாதக்கணக்கில் விட்டால் வெயிலில் நைந்துவிடும். ஆள் வரத் தாமதமானால் மடிப்புகளைத் தொட்டுப் பாருங்கள், முதலில் அங்கேதான் வெடிக்கும்.

கேள்வி: கூரை ஒழுகியதில் அறையின் சீலிங் பலகை வயிறு மாதிரி தொங்குகிறது. தொடலாமா?
- இன்னொரு வாசகர்

பதில்: உள்ளே தண்ணீர் நிற்கிறது. ஈரம் இல்லாத இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணைக்க முடிந்தால் அணையுங்கள். சுவிட்ச் பலகையே நனைந்திருந்தால் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மின்சாரம் நின்றபின் கீழே பெரிய வாளி வைத்து, நேர் அடியில் நிற்காமல் தள்ளி நின்று, நீளக் குச்சி நுனியில் கட்டிய ஸ்க்ரூ டிரைவரால் தொங்கும் இடத்தில் சின்னதாக ஒரு துளை போடுங்கள். தண்ணீர் வடிந்துவிடும். விட்டுவைத்தால் பலகை மொத்தமாக இடிந்து விழும்.